நூல் தெரியாத படம்

பிப்ரவரி 26, வியாழன்

எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டில் பின்னால் நிறையத் தாள் மிச்சம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதில்தான் எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது பழைய பட்டுப்புழு வளர்ப்பு மனையில், எலிப் பெட்டிகளுக்கு நடுவே. படுக்கப் போகும் முன் எலிகளுக்குத் தண்ணீர் வைப்பது என் வேலை என்பதால், இங்கே விளக்கு எரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவுக்கு எலி நாற்றம் ஆகாது, உள்ளே வர மாட்டார். எழுதி முடித்ததும் நோட்டு மூன்றாவது பெட்டிக்கு அடியில் போய்விடும்.

புளிய மரப் பொந்தில் இரண்டு ஆந்தைக் குஞ்சுகள் இருக்கின்றன. குச்சி நுனியில் செல்போனைக் கட்டி அப்பா உள்ளே படம் பிடித்தார். சாம்பல் பஞ்சில் மஞ்சள் கண் ஒட்டியதுபோல இரண்டும் நெருக்கி உட்கார்ந்திருந்தன. அவருக்கு ஒரே சந்தோஷம். வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கி வந்தார்.

"பாரு கண்ணு, இந்த வருசம் கோயமுத்தூரே நம்ம தோட்டத்துல வந்து நிக்கும்" என்றார்.

அம்மாவால் பரோட்டாவைப் பிய்க்க முடியவில்லை. நேற்று தொட்டி மேட்டில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. நான் பிய்த்துக் கொடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்ததால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

இன்று சேலத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

எங்கள் தொழிலைப் பற்றிப் பள்ளியில் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. இங்கே எழுதலாம். வெங்காயம் இரண்டு வருடம் அழுகிப் போன பிறகு அப்பா ஆந்தை காட்ட ஆரம்பித்தார். பெரிய ஆந்தை இல்லை. புள்ளி ஆந்தை, மைனாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெயில் தாழ்வதற்குள்ளேயே வெளியே வந்துவிடும். புளிய மரத்துக்கு எதிரே பச்சைத் துணியில் ஒரு கூடாரம். அதற்குள் நான்கு ஸ்டூல், கேமரா நீட்ட ஓட்டைகள். முன்னால் காய்ந்த வேலங்கிளை ஒன்றை நட்டு வைத்திருக்கிறார். கீழே எலியை விட்டால் ஆந்தை அந்தக் கிளையில் வந்து உட்காரும். உட்கார்ந்தால் படம். உட்காராவிட்டால் வந்தவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், போய்த் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது எழுதுவார்கள்.

இன்று உட்கார்ந்தது. ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஆந்தை கழுத்தைத் திருப்பும் என்று சொல்லி ஒருவர் சிரித்தார், கடைசி வரை திருப்பவில்லை. மூன்று மணி நேரம். "லோகு, அடுத்த தடவ ஆந்தைகிட்ட முன்னாடியே பேசி வெச்சிருங்க" என்று கிளம்பும்போது சொன்னார்கள். அப்பாவும் சிரித்து, கார்க் கதவைச் சாத்திவிட்டு, கார் ரோட்டில் ஏறும் வரை கையாட்டிக்கொண்டு நின்றார்.

அப்புறம் வீட்டுக்குள் போனார். நான் மனைக்கு வந்துவிட்டேன். எலிப் பெட்டிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. தகரத்தின் மேல் பெட்டியை இழுத்தால் பெரிய சத்தம் வரும். எல்லாப் பெட்டியையும் இந்தப் பக்கம் இழுத்தேன். பிறகு எல்லாவற்றையும் அந்தப் பக்கம் இழுத்தேன்.

மார்ச் 2, திங்கள்

அம்மா காது வலி என்று தலையில் துண்டு கட்டியிருக்கிறாள்.

மார்ச் 7, சனி

அப்பா ஏதோ ஒரு ஊரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குஞ்சைக் கிளையில் கட்டி வைத்துவிட்டால், தாய் எங்கே வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். குஞ்சுக்கு ஊட்ட அதுவே வரும். கேமராவுக்கு நேராகவே வரும். காலில் தூண்டில் நூல், கிளையில் ஒரு சின்ன ஓட்டை, ஓட்டை வழியாகப் பின்னால் முடிச்சு. முன்னாலிருந்து பார்த்தால் கிட்டத்தட்டத் தெரியாது.

அவர் விரலுக்கு அந்த முடிச்சு வரவில்லை. இரண்டு முறை குஞ்சு அவரைக் கடித்தது. "உன்ற வெரலு சிறுசு, நீ கட்டு" என்றார். நான் சும்மா நின்றேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னை எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார். திரும்பி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். நான் கட்டினேன்.

ஆனால் நேராக நூலைக் கட்டவில்லை. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி ஒரு மூட்டை எங்கள் வீட்டில் கிடக்கிறது, வண்டி துடைக்க. அதில் விரல் அகலத்துக்கு வெள்ளைத் துணி கிழித்துக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் நூலைக் கட்டினேன். குஞ்சின் கால் தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிக்கிறது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு வேகமாக அடிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

கோயமுத்தூரிலிருந்து டாக்டர் வசுமதி வந்தார். எலும்பு டாக்டர். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதாம். அவர் கேமரா என் புத்தகப் பையைவிடக் கனம். தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்ததும் எனக்குப் பிடித்தது, என் பெயரைக் கேட்டு, கனி என்று கூப்பிட ஆரம்பித்ததும் பிடித்தது.

ஐந்தே காலுக்கு ஆண் ஆந்தை வெட்டுக்கிளியோடு வந்தது. அப்புறம் தாய் பல்லியோடு. குஞ்சு இறக்கையை விரித்து வாயைப் பிளந்தது. டாக்டர் கேமரா பட்டாசு மாதிரி வெடித்தது. வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "முப்பது வருஷமா மனுஷ எலும்பையே பார்த்துட்டு இருக்கேன் கனி. இது எனக்கு மருந்து" என்றார்.

இருட்டியதும் ஏணி போட்டுக் குஞ்சைப் பொந்தில் விட்டேன். துணியைப் பிரித்துப் பார்த்தேன். காலில் ஒரு கோடுகூட இல்லை.

காப்பி கொடுக்கும்போது அம்மா டம்ளரை இடது கையால் நீட்டினாள். டாக்டர் வலது கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். வழுக்கிருச்சுங்க என்றாள் அம்மா.

"விழுந்தா உள்ளங்கையை ஊனி விழுவாங்க. இது முறுக்கின மாதிரி இருக்கே" என்றார் டாக்டர்.

அப்பா, டாக்டரம்மாவுக்கு இன்னொரு காப்பி கொண்டு வரச் சொன்னார். டாக்டர் ஒரு துணிக்கட்டுப் போட்டுவிட்டு, பத்து நாள் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னார். போகும்போது என் தலையைத் தடவினார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. தெரிந்தால் தேவலை என்றும் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

அப்பா அம்மாவுக்கு மாத்திரையும் எனக்கு வளையலும் வாங்கி வந்தார். இரவு மூன்று பேரும் டிவி பார்த்தோம். அப்பா இரண்டு தடவை சத்தமாகச் சிரித்தார். அம்மா ஒரு தடவை சிரித்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று ஈரோட்டு ஆட்கள், இன்று திருச்சி ஆட்கள். இரண்டு நாளும் கட்டினேன். நான் ஒன்று கவனித்திருக்கிறேன். ஞாயிறு படம் நன்றாக வந்தால் புதன், வியாழன் வரை வீடு அமைதியாக இருக்கிறது. அம்மா வழுக்குவதில்லை.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. பொந்து வாயில் வந்து நின்று இறக்கையை அடித்துப் பார்க்கின்றன. பறந்துவிடாமல் இருக்க அப்பா கோழி வலையை வெட்டிப் பொந்தின் வாயில் ஆணி அடித்துவிட்டார். பெரியவை இரண்டும் வலைக் கண் வழியாக ஊட்டுகின்றன. ஊட்டிவிட்டு உடனே போவதில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி வலையைப் பார்க்கின்றன. பள்ளியில் மோகனசுந்தரியிடம் தலையாட்டுவதை மட்டும் சொன்னேன், நடித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வகுப்பே சிரித்தது. இப்போது என்னை ஆந்தைக் கண்ணி என்று கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 18, புதன்

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறார். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்காரும் கூடத்தில் பெரிதாக ஒரு படம் மாட்டப் போகிறாராம்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அவரிடம் நூலைப் பற்றிச் சொல்லிவிடுவேன். அவ்வளவு அழகு என்று கண் கலங்கினாரே, குஞ்சைக் கட்டியிருந்தது தெரிந்தால் கோபப்படுவார். அப்பாவைக் கண்டிப்பார். அப்பா பெரிய மனிதர்கள் சொன்னால் கேட்பார். நூலுக்கு அவர் கோபப்பட்டால், அம்மா கையைப் பற்றிய மற்றதையும் சொல்லிவிடலாம். அவரே பாதி கண்டுபிடித்துவிட்டார், மீதியை நான் சொன்னால் போதும்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை எலிகளிடம் சொல்லிப் பார்த்தேன். இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

சொன்னேன்.

அப்பா மனைக்குள் வர மாட்டார், எலி எடுக்க என்னைத்தான் தேடுவார் என்பதால் சீக்கிரம் சொல்ல வேண்டியிருந்தது. கூடாரத்துக்குள் டாக்டர் மட்டும் இருந்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். "டாக்டரம்மா, அந்தக் குஞ்சு தானா உக்காரலைங்க. நாந்தான் கட்டி வெச்சேன். காலுல நூல் இருக்குதுங்க" என்றேன். ஒத்திகை பார்த்தபடியே வந்துவிட்டது.

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"தெரியும்மா. போன தடவையே தெரியும்" என்றார். "இங்க பாரு."

கேமராவின் பின்பக்கத் திரையில் போன முறை எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். குஞ்சின் கால், அதில் என் வெள்ளைத் துணி, துணியிலிருந்து கண்ணாடிக் கோடு மாதிரி நூல். எல்லாமே இருந்தது. இது மூலப்படம், இதில் எதுவும் ஒளியாது என்றார். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டு நூலை எடுத்துவிடுவாராம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். மூலப்படத்தை மட்டும் அழிக்க மாட்டாராம், அது அவரிடமே இருக்குமாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லையாம்.

"ஆனா ஒண்ணு கனி. இந்தத் துணி வேண்டாம். நூலை எடுக்க ரெண்டு நிமிஷம் போதும். துணியை எடுத்தா அதுக்கடியில கால் எப்படி இருக்கும்னு நான் வரைய வேண்டியிருக்கு. வெறும் நூலா கட்டிடு, சரியா? இன்னும் கொஞ்சம் கீழ, விரல்கிட்ட."

நான் போய்த் துணியைப் பிரித்தேன். வெறும் நூலாகக் கட்டினேன். விரல்கிட்ட.

அம்மா கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது காருக்குள்ளிருந்து டாக்டர் அப்பாவிடம், "உங்க பொண்ணுக்கு ரொம்ப இரக்க மனசு, குஞ்சு காலுக்கு மெத்தை வெச்சுக் கட்டியிருக்கா, எங்கிட்ட வந்து உண்மையை எல்லாம் சொல்லிட்டா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அப்பாவும் சிரித்தார். ரோட்டில் ஏறும் வரை கையாட்டினார்.

பிறகு என்னிடம் வரவில்லை. சமையலறை வாசலில் போய் நின்று, "புள்ளைய நல்லாத்தான் வளத்தி வெச்சிருக்கற" என்றார்.

பெட்டிகளை இழுத்தேன்.

மார்ச் 23, திங்கள்

அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எண்ணெய் கொட்டியிருந்தது.

மார்ச் 26, வியாழன்

குஞ்சின் கால் வீங்கிவிட்டது. டாக்டர் வந்த அன்று அது நிறையத் துள்ளியது, நூல் சதைக்குள் போய்விட்டது. மஞ்சள் அரைத்துத் தடவினேன். மிச்ச மஞ்சளை அம்மா முதுகுக்குத் தடவினேன். அம்மா எதற்கு அரைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆண்டுத் தேர்வு அட்டவணை கொடுத்துவிட்டார்கள். கணக்கு முதலில்.

மார்ச் 29, ஞாயிறு

பொந்தில் ஒரு குஞ்சுதான் உயிரோடு இருக்கிறது.

மற்றதை வாழைக்கு அடியில் புதைத்தேன். கால் கறுத்துப் போயிருந்தது, விரல்கள் மடங்கி இருந்தன. தாய் ஆந்தை பட்டப்பகலில் கூடாரத்தின் மேல் உட்கார்ந்து நான் தோண்டுவதைப் பார்த்தது. முதல் முறையாக ஒரு ஆந்தையைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா, சரி, இன்னொன்று இருக்கிறதே என்றார்.

ஏப்ரல் 1, புதன்

இந்த ஞாயிறு பெங்களூரிலிருந்து ஆறு பேர். கூடாரத்துக்கு இரண்டு ஸ்டூல் கடன் வாங்கியாகிவிட்டது. இரண்டாவது குஞ்சைக் கட்ட வேண்டும், வெறும் நூலால்தான் கட்ட வேண்டும், துணி கிணி பார்த்தேன் என்றால் நடப்பதே வேறு என்று அப்பா சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

ஏப்ரல் 4, சனி

மாலையில் பார்த்தபோது வலை ஒரு பக்கம் விலகியிருந்தது. ஆணி சரியாக இறங்கவில்லை போல. குஞ்சு தானாகப் பறந்துவிட்டது.

என் சுண்டு விரலை எலி கடித்துவிட்டது. துணி சுற்றியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில்தான் அப்பா பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கி வந்து, வலையை யார் எடுத்தது என்று சாதாரணமாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து, "நாந்தானுங்க. அதுவும் செத்துப் போயிருமேன்னு எடுத்துட்டேன்" என்றாள்.

அம்மாவால் அந்த ஏணியில் ஏற முடியாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மூன்று படிகூட ஏற முடியாது. அப்பாவுக்கும் அது தெரியும். என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். வெள்ளைப் பனியன் துணி. பிறகு அம்மாவைப் பார்த்து, "நீதான?" என்றார். அம்மா, ஆமாங்க என்றாள்.

ஆறு பேரும் வந்தார்கள். ஆறரை மணி வரை உட்கார்ந்தார்கள். ஆந்தைகள் இரண்டும் தூரத்துப் பனை மரத்தில் குஞ்சோடு கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அப்பா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், இரண்டு கார்களும் ரோட்டில் ஏறும் வரை கையாட்டினார்.

இன்று பெட்டிகளை இழுக்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கணக்குத் தேர்வு எழுதவில்லை.

அம்மாவைக் கோயமுத்தூருக்கு டாக்டர் வசுமதி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனோம். தெரிந்த இடம், நன்றாகப் பார்ப்பார்கள் என்று அப்பா சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து அம்மாவை உட்கார வைத்தார், முந்தானையைப் போர்த்திவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு அக்கா, இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார்.

நோயாளிகள் உட்காரும் கூடத்தில் எதிர்ச் சுவர் முழுக்க டாக்டர் இரண்டாம் முறை எடுத்த படம். தாய் ஆந்தை பல்லியை நீட்டுகிறது, குஞ்சு இறக்கையை விரித்து வாயைத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. கீழே ஒரு பலகையில், "தாய்மை. இயற்கைச் சூழலில் புள்ளி ஆந்தை" என்று எழுதியிருந்தது. அருகில் போய்க் காலைப் பார்த்தேன். நூல் இல்லை. நூல் இருந்த இடமும் இல்லை. விரல்கள் கிளையை அழகாகப் பிடித்திருந்தன.

அம்மாவும் எழுந்து வந்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பியிருந்தது, அதை மற்றொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுதான செத்துப் போச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உள்ளே நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, எப்படி அடிபட்டது என்று கேட்டார். அப்பா கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். மறுபடியும் எக்ஸ்ரேவைப் பார்த்தார். அதில் எல்லாம் இருந்திருக்கும்.

"வழுக்கி விழுந்ததுன்னு எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் எழுதினார். அப்பா, ரொம்ப நன்றிங்க டாக்டரம்மா என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, படத்தைப் பார்த்தாயா, எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அம்மா மாத்திரையில் தூங்குகிறாள். அப்பா அடுத்த வருடத்துக்கு எந்த மரம் என்று டார்ச் அடித்துப் பொந்து தேடப் போயிருக்கிறார்.

இன்று இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். டாக்டர் கம்ப்யூட்டரில் செய்ததை நான் பேனாவால் செய்து வைத்திருக்கிறேன். அவருக்காவது மூலப்படம் என்று ஒன்று இருக்கிறது.

அழிக்கப் போவதில்லை. கீழே எழுதுகிறேன்.

பிப்ரவரி 25. அம்மா தொட்டி மேட்டில் வழுக்கி விழவில்லை. ஆந்தை வரவில்லை என்று அப்பா கையை முறுக்கினார்.

மார்ச் 1. காது வலி இல்லை. அறைந்தார். நான் சத்தம் கேட்காமல் இருக்கப் பெட்டிகளை இழுத்தேன்.

மார்ச் 22. எண்ணெய் கொட்டவில்லை. திங்கள்கிழமையும் இல்லை, ஞாயிறு. விறகுக் கட்டையால் முதுகில். நான் டாக்டரிடம் சொன்னதற்கு.

ஏப்ரல் 4. குஞ்சு தானாகப் பறக்கவில்லை. வலையை எடுத்தது நான். ஆணி கிழித்தது, எலி கடிக்கவில்லை.

ஏப்ரல் 5. அம்மா அதைத் தான் செய்ததாகச் சொன்னாள். கார்கள் போன பிறகு அப்பா அவள் கையைப் பிடித்தபோது நான் அடுப்படி வாசலில்தான் நின்றேன். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல நேரம் இருந்தது. எலும்பு உடைகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.